எங்க ஊரு பாசஞ்சருக்கு ஒரே ஒரு பஃபர்தான்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அது போக மிச்சமிருக்குற நேரத்துல என்னதான்யா பண்றேன்னு கேட்டீங்கன்னா, அட்டை வெட்டிக்கிட்டு இருக்கேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு ரயில் பெட்டி செய்யறதுதான் இப்போ நம்ம பொழுதுபோக்கு. பொம்மை ரயில் இல்ல, அளவு மாதிரி. நிஜப் பெட்டியில ஒரு அடி நீளம் இருந்தா நம்ம பெட்டியில மூன்றரை மில்லிமீட்டர். ஹெச்.ஓ ஸ்கேல்னு பேரு, கணக்குல 1:87.

இதுல ஒரு அடி வாங்கினேன். அந்த அடியில இருந்து ஒரு கருத்தும் கெடச்சுது. கருத்து சொல்றதுக்குத்தானே பதிவு வச்சிருக்கோம்! அதனால இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் பக்கம் விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியா மானாமதுரைக்கு ஒரு லைன் போகுது. 1960-கள்ல போட்ட லைன். ரொம்ப காலம் மீட்டர் கேஜ். ரெண்டு பக்கமும் கரிசக்காடு, சீமைக்கருவேலம், அங்கங்க கரிமூட்டம் போட்டு புகையுற புகை, நடுவுல இந்தச் சின்னத் தண்டவாளம். அதுல ஒரு பாசஞ்சர் ஒண்ணும் அவசரம் இல்லாத மாதிரி போகும். நான் சின்னப் பையனா இருந்தப்போ திருச்சுழியில இருக்குற பெரியப்பா வீட்டுக்கு அதுலதான் போவோம். அப்புறம் பாதையை மாத்துறோம்னு மூடினாங்க. 2013-ல அகலப்பாதையா திறந்தாங்க. இப்போ சிலம்பு எக்ஸ்பிரஸ் அது மேலதான் போகுது. நல்ல விஷயம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. சென்னைக்கு நேரா ஏறிப் போகலாம்னா யாருக்குக் கசக்கும்?

ஆனா அந்தப் பழைய பாசஞ்சர் மனசுல கெடந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் அதுல ஒரே ஒரு பெட்டியைச் செஞ்சு பாக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

கடையில கெடைக்கற கிட் எல்லாம் ஊரான் ஊட்டு ரயிலுதான். அமெரிக்காக்காரன் பெட்டி, ஜெர்மன்காரன் பெட்டி, இங்கிலாந்துக்காரன் பெட்டி. அருப்புக்கோட்டை மீட்டர் கேஜ் பாசஞ்சரை அச்சு போட்டு விக்க எவன் வரப்போறான்? அதனால கிட் இல்லாம மொத்தத்தையும் நாமளே செய்யணும். இணையத்துல தேடினதுல ஐ.சி.எஃப் பெட்டியோட படம் ஒண்ணு மாட்டுச்சு, அளவெல்லாம் போட்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல 1955-ல இருந்து பெட்டி செய்யறாங்க. சுவிட்சர்லாந்து கம்பெனியோட தொழில்நுட்ப உதவியில ஆரம்பிச்சது. அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, நீளத்தைக் கொஞ்சம் குறைச்சு, ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து செஞ்சேன்.

ஜன்னல் கம்பிக்கு மட்டும் ஒரு வாரம் ஆச்சு. நிஜக் கம்பி அரை இஞ்ச் தடிமன்னு வச்சுக்கிட்டா, 1:87-ல அது 0.146 மில்லி வரும். மோட்டார் காயில் கட்டுற கடையில 38-ம் நம்பர் செம்புக் கம்பி கேட்டு வாங்கினேன். அது 0.152 மில்லி. கிட்டத்தட்ட சரி. கடைக்காரர் "எந்த மோட்டாருக்குப்பா?"ன்னு கேட்டார். "ரயிலுக்கு"ன்னேன். அதுக்கப்புறம் அவர் என்னைப் பாத்த பார்வையே வேற.

முடிச்சாச்சு. நீல பெயிண்ட், 12 மில்லி தண்டவாளம், கீழ சக்கரம், ரெண்டு முனையிலயும் பஃபர், ப்ரேக் குழாய் எல்லாம். ஒரு ஷூ பெட்டிக்குள்ள பஞ்சு வச்சு பத்திரமா எடுத்துக்கிட்டு, பஸ் ஏறி திருச்சுழிக்குப் போயி பெரியப்பாகிட்ட காட்டினேன்.

பெரியப்பா யாருன்னு சொல்லல பாருங்க. ரயில்வேல பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷமா பெட்டியை மாட்டுறதும் கழட்டுறதுமா இருந்த கை.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கையில வாங்கினார். பக்கவாட்டுல பாக்கவே இல்ல. நான் ஒரு வாரம் உசுரக் குடுத்து வச்ச ஜன்னல் கம்பியைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா முனையைத் திருப்பிப் பாத்தார். ஒரு நிமிஷம் கழிச்சு, "நல்லா செஞ்சிருக்கடா. இது எந்த ஊரு வண்டி?"ன்னார்.

"என்ன பெரியப்பா, நம்ம ஊரு வண்டிதான். மானாமதுரை பாசஞ்சர்."

"நம்ம வண்டிக்கு ஏதுடா ரெண்டு பஃபரு? நடுவுல ஒண்ணுதான் இருக்கும். அதுலயேதான் கொக்கியும். இது பிராடு கேஜுப் பெட்டி. தண்டவாளம் மட்டும் மீட்டரா போட்டு வச்சிருக்க."

அவ்வ்வ்வ்வ்...

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அகலப்பாதையில ஓடின பழைய ஐ.சி.எஃப் பெட்டிக்குத்தான் முனையில பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பஃபர், நடுவுல திருகி இறுக்குற கப்ளிங். நம்ம மீட்டர் கேஜ்ல நடுவுல ஒத்தை பஃபர், அதோடயே கொக்கி. அப்புறம் அகலம். அகலப்பாதைப் பெட்டி 3.245 மீட்டர், ஸ்கேல்ல 37 மில்லி. மீட்டர் கேஜ் பெட்டி ஒம்பது அடிதான், அதாவது 31.5 மில்லி. நான் ஆறு மில்லி கூடுதலா வச்சு, வயிறு பெருத்த பெட்டியைச் செஞ்சிருக்கேன். நான் வச்ச ப்ரேக் குழாயும் ஏர் ப்ரேக்குக்கு உண்டானது, ரெண்டு மெல்லிசு குழாய். எங்க வண்டி வேக்குவம். முனையில தும்பிக்கை மாதிரி ஒரே ஒரு தடிச்ச குழாய் தொங்கும்.

இதெல்லாம் நான் பாக்காதது இல்ல. எத்தனை தடவை அந்த பிளாட்பாரத்துல நின்னு, எஞ்சின் கழட்டி மாட்டுறதை வாயப் பொளந்து வேடிக்கை பாத்திருக்கேன்! ஆனா ஞாபகம் இருந்தது ஜன்னலோரக் காத்து, முறுக்கு விக்கிறவர், அய்யாவோட துண்டு. பஃபர் ஒண்ணா ரெண்டான்னு கேட்டா தெரியாது. பத்தாததுக்கு ரெண்டுன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். ஏன்னா அதுக்கப்புறம் பத்து வருஷமா பாத்தது எல்லாம் ரெண்டு பஃபர் பெட்டி. புதுசு பழசை அழிச்சு அது மேல எழுதிருச்சு. நம்ம பாஷையில சொன்னா ஓவர்ரைட். பேக்கப் கிடையாது.

சரி, கதை போதும். கருத்துக்கு வர்றேன்.

மாடல் ரயில் செய்யறவங்க உலகத்துல ஒரு பழைய சண்டை உண்டு. ஒரு கட்சி, "மூணு அடி தள்ளி நின்னு பாத்தா நல்லாருக்கா? அப்போ போதும்"ங்கும். இன்னொரு கட்சி ஒவ்வொரு ரிவெட்டையும் எண்ணும். எண்றவங்களை மத்தவங்க 'ரிவெட் எண்ணி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. நான் இது வரைக்கும் மூணு அடிக் கட்சிதான். நமக்கு எதுக்கு இந்த வம்பு, மனசுக்குச் சந்தோஷமா இருந்தா சரின்னு இருந்தேன்.

திருச்சுழியில இருந்து திரும்பி வர்ற பஸ்ஸுல யோசிச்சேன். ரெண்டு கட்சியும் நம்மளுக்கு ஆகாது. வெளிநாட்டுல மூணு அடிக் கட்சிக்காரன் அலட்சியமா இருக்கலாம். அவன் ஊர் பெட்டிக்கு வரைபடம் இருக்கு, புத்தகம் இருக்கு, நூறு கம்பெனி செஞ்ச மாடல் இருக்கு, மியூசியத்துல நிஜப் பெட்டியே நிக்குது. அவன் தப்பு பண்ணினா உண்மை ஒண்ணும் தொலைஞ்சு போகாது. எங்க ஊரு பாசஞ்சருக்கு அப்படியா? பாதையும் இல்ல, பெட்டியும் இல்ல, மாட்டிக் கழட்டின ஆளுங்களுக்கு வயசு எழுவதைத் தாண்டிருச்சு. நான் ரெண்டு பஃபர் வச்சு போட்டோ எடுத்து இணையத்துல போட்டேன்னு வைங்க. இருவது வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் அதைப் பாத்துத்தான் அடுத்தது செய்வான். தப்பு அப்படியே வரலாறாயிடும்.

தப்பான ஆவணம் என்ன செய்யும்ங்கறதுக்குத் திருச்சுழிக்காரங்களுக்கு உதாரணம் வெளிய தேட வேண்டியதில்ல. ரமண மகரிஷி பிறந்த ஊர் அது, 1879-ல. அப்போ ஊருக்கு ரயிலே கிடையாது. 1896-ல மதுரையில இருந்து வீட்டை விட்டுக் கிளம்பறப்போ, திருவண்ணாமலைக்கு எப்படிப் போறதுன்னு ஒரு பழைய வரைபடத்தைப் பாத்திருக்கார். விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலைக்குப் போட்ட லைன் அந்தப் பழைய மேப்புல இல்ல. அதனால திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். ரயிலுக்குள்ள ஒரு பெரியவர், விழுப்புரத்துலயே இறங்கி மாறணும்னு சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சுது. கையில காசு பத்தாம வழியில கொஞ்ச தூரம் நடந்தே போனார். அவர் மகான், நடந்து போயிட்டார். நாமெல்லாம் ஆட்டோவுக்குப் பேரம் பேசுற ஆளுங்க, நம்மளுக்கு மேப்பு சரியா இருக்கணும்.

அதுக்காக ஒவ்வொரு ரிவெட்டையும் எண்ணுங்கன்னு சொல்ல வரல. அதுக்கு ஆயுசு பத்தாது. எனக்கும் ஆபீஸ் இருக்கு, அம்மாவுக்கு வேற பொண்ணு பாக்கணும்ங்கற கவலை இருக்கு. நான் சொல்ல வர்றது இதுதான்: ஒரு பெட்டி மேல 'தெற்கு ரயில்வே'ன்னு எழுதினா, அதுல வேலை பாத்தவனும் ஏறிப் போனவனும் கையில வாங்கின உடனே "நம்ம வண்டிடா"ன்னு சொல்லணும். அதுக்கு எது எது வேணுமோ அதுல தப்பு வரக்கூடாது. மிச்சத்துல உங்க இஷ்டம். கற்பனையா ஒரு ரயில்வே, கற்பனையா ஒரு ஊருன்னு செஞ்சீங்கன்னா பச்சைப் பெட்டிக்கு மஞ்சப் புள்ளி கூட வைங்க, யாரும் கேக்க முடியாது. ஆனா நிஜப் பேரை எழுதிட்டா கடன் வந்துருது.

என் அனுபவத்துல அந்தக் கடனுக்கு அஞ்சு சமாச்சாரம் போதும்.

ஒண்ணு, முனை. எல்லாரும் பக்கவாட்டுலதான் உசுர விடுவோம், ஏன்னா போட்டோவுல அதுதான் தெரியும். ஆனா வண்டி எந்த ஜாதின்னு சொல்றது முனைதான். பஃபர் எத்தனை, கப்ளிங் எப்படி, குழாய் ஒண்ணா ரெண்டா. இது மூணும் சரியா இருந்தா பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

ரெண்டு, அகலம். நீளத்துல பத்து மில்லி குறைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. அகலத்துல ஆறு மில்லி கூடினா வண்டியே மாறிடும். இங்க ஒரு வேடிக்கை பாருங்க. நம்ம அகலப்பாதை 1676 மில்லி. 1:87-ல அது 19.26 மில்லி வரணும். கடையில கெடைக்கற ஹெச்.ஓ தண்டவாளம் 16.5 மில்லிதான், ஏன்னா அது அவங்க ஊரு 1435 மில்லி பாதைக்குச் செஞ்சது. அதனால இன்னைக்கு ஓடுற எந்த இந்திய அகலப்பாதை ரயிலை ஹெச்.ஓ-ல செஞ்சாலும், ரெடிமேட் தண்டவாளத்துல வச்சா ஒல்லிக்குச்சிக் காலோடதான் நிக்கும். மீட்டர் கேஜ் 1000 மில்லி, 1:87-ல 11.5. சுவிட்சர்லாந்துல மீட்டர் கேஜ் ரயில் இன்னமும் ஓடறதால அதுக்குன்னே 12 மில்லி தண்டவாளம் விக்கிறாங்க. டிடி ஸ்கேல் ஆளுங்களும் அதே 12 மில்லிதான், அவங்க சக்கரமும் நம்மளுக்கு ஒத்துவரும். ஆக, உசுரோட இருக்குற பிராடு கேஜை விட செத்துப்போன மீட்டர் கேஜை ஒழுங்கா செய்யறது சுலபம்! இதை விட்டுட்டு எல்லாரும் ஏன் வந்தே பாரத் செய்யறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

மூணு, வருஷம். பெரியப்பாவுக்கும் எனக்கும் கலர்ல பெரிய சண்டை. அவர் காவி கலந்த செவப்புங்கறார். நான் நீலம்ங்கறேன். ரெண்டு பேரும் சரி. 90-கள் கடைசியில இருந்துதான் ரயில்வே பழைய மெரூனை விட்டு நீலத்துக்கு மாற ஆரம்பிச்சுது. அவர் ஞாபகம் ஒரு காலத்துது, என் ஞாபகம் வேற காலத்துது. அதனால கத்தரிக்கோலை எடுக்கறதுக்கு முன்னால எந்த வருஷத்துப் பெட்டின்னு முடிவு பண்ணணும். வருஷம் முடிவாகாத பெட்டி, ஊர் பேரு எழுதாத பஸ் மாதிரி. எங்க போகுதுன்னு அதுக்கே தெரியாது.

நாலு, எழுத்து. பெட்டியோட நம்பர்ல முதல் ரெண்டு எண் அது தயாரான வருஷம். முனையில கடைசியா ஒர்க்‌ஷாப்ல ஓவர்ஹால் பண்ணின தேதி, மறுபடி வர வேண்டிய தேதி எழுதியிருக்கும். பக்கவாட்டுல ஊர் பலகை, மூணு மொழியில. இதுக்கெல்லாம் காசு கிடையாது, ஒரு பிரிண்ட் அவுட்தான். ஆனாலும் நம்ம ஆளுங்க 12345-ன்னு போட்டு விட்டுருவாங்க. கூட்ஸ் வண்டி செய்யறவங்களுக்கு இதுல இன்னும் ருசி இருக்கு. இன்னைக்கு ஓடுற வேகன்களுக்கு 11 இலக்க நம்பர். முதல் ரெண்டு வேகன் வகை, அடுத்த ரெண்டு எந்த ரயில்வே, அடுத்த ரெண்டு தயாரான வருஷம், அப்புறம் நாலு இலக்கம் வரிசை எண், கடைசி ஒண்ணு சரிபாக்குற எண். பொட்டி தட்டுறவங்களுக்கு இது அல்வா மாதிரி. முதல் பத்து இலக்கத்துல இரட்டைப்படை இடத்துல இருக்கறதைக் கூட்டி மூணால பெருக்கணும். ஒத்தைப்படை இடத்துல இருக்கறதை அதோட கூட்டணும். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் கடைசி எண். சும்மா 3107102468-ன்னு ஒரு நம்பர் எடுத்துக்கங்க. இரட்டை இடம் 1, 7, 0, 4, 8, கூட்டினா 20, மூணால பெருக்கினா 60. ஒத்தை இடம் 3, 0, 1, 2, 6, கூட்டினா 12. மொத்தம் 72. எம்பதுக்கு எட்டு குறையுது. அப்போ வேகன் மேல எழுத வேண்டியது 31071024688. பத்து வரி நிரல், வேலை முடிஞ்சுது. ஒரு பாக்ஸ்-என் நிலக்கரி வேகன் ரேக் முழுக்க ஒரு நம்பர் கூட பொய்யா இருக்காது.

அஞ்சு, அழுக்கு. நம்ம ஊர் பெட்டி எதுவும் புதுசா பளபளன்னு ஓடினது கிடையாது. வெளிநாட்டுல அழுக்காக்கறதுக்குன்னே டப்பா டப்பாவா கலர் பொடி விக்கிறாங்க. நான் லைன் ஓரத்துலயே காலைக் கிளறி ஒரு கை கரிசமண்ணு எடுத்து வந்தேன். வேட்டித் துணியில மூணு தடவை சலிச்சா முகப் பவுடர் மாதிரி ஆயிடுது. கூரைப் புகைக்கு கரிமூட்டத்துல வாங்கின கரித்தூள். சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் செம்மண். சின்னத் தூரிகையில தடவி மேல மேட் வார்னிஷ் அடிச்சா அப்படியே நிக்குது. நிஜ வண்டி மேல ஒட்டின அதே மண்ணு. இதை எந்தக் கம்பெனியும் எனக்கு விக்க முடியாது.

"ஏம்ப்பா, இவ்வளவு பாடுபட்டு ஒரு சாதா பாசஞ்சர் பெட்டியா? ஸ்டீம் எஞ்சின் செய்யலாம்ல? ராஜா ராணி போன சலூன் செய்யலாம்ல?"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். என் பதில், அதையெல்லாம் காப்பாத்த ஆளு இருக்கு. டெல்லியில ரயில் மியூசியம் 1977-ல இருந்து இருக்கு. சென்னையில ஐ.சி.எஃப் பக்கத்துல 2002-ல ஒண்ணு திறந்தாங்க. புனேயில ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998-ல இருந்து இருக்கு, மாடல் ரயில் பிரியர்கள் கட்டாயம் ஒரு தடவை போகணும். நீலகிரி மலை ரயில் 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு, அதுவும் மீட்டர் கேஜ்தான், இன்னைக்கும் ஓடுது. அழகானதுக்கும் அபூர்வமானதுக்கும் எப்பவும் ஒரு காவல்காரர் கெடைச்சிடுவார். வாழைக்காய் மூட்டையும் சேலைக் கட்டும் ஏத்திக்கிட்டுப் போன ரெண்டாம் வகுப்புப் பெட்டிக்கு யாரு இருக்கா? அருப்புக்கோட்டை நெசவாளி நெஞ்சு நிமித்தி ஏறினது அதுலதான். கல்யாணத்துக்குப் போனது, கருமாதிக்குப் போனது, பரிட்சைக்குப் போனது எல்லாம் அதுலதான். எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள்ங்கறதாலேயே யாரும் அளந்து வைக்கல.

"அது போயிருச்சு, விடு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. இது முடிஞ்ச கதை இல்ல, இப்போ உங்க கண்ணு முன்னாலயே ரெண்டாவது தடவை நடந்துக்கிட்டு இருக்கு. ஐ.சி.எஃப் அந்தப் பழைய வடிவப் பெட்டியைச் செய்யறதை 2018 ஜனவரியோட நிறுத்திருச்சு. நீங்களும் நானும் காலேஜுக்குப் போனது, முதல் வேலைக்கு மெட்ராஸ் வந்தது, மேல் பெர்த்ல தூங்காம கெடந்தது எல்லாம் அந்தப் பெட்டிதான். பெட்டிக்கு ஆயுசு 25 வருஷம்னு கணக்கு. கடைசிப் பெட்டி முழு ஆயுசு ஓடினாலும் 2043. அதுக்கு முன்னாலேயே ஒவ்வொரு வண்டியா எல்.ஹெச்.பி பெட்டிக்கு மாறிக்கிட்டு வருது. என்னைக்காவது உங்க பேரன் "தாத்தா, அந்த நீலப் பெட்டி ஜன்னல்ல எத்தனை கம்பி?"ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? இப்போ கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க பாப்போம். எத்தனை?

பாத்தீங்களா. நானும் போயி எண்ணிட்டுத்தான் வந்தேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன், நீங்களும் அடுத்த தடவை எண்ணுங்க.

செலவில்லாத ஒரு வழி சொல்றேன். பிளாட்பாரத்துல வண்டி நிக்கறப்போ, பள்ளிக்கூடத்து 30 சென்டிமீட்டர் ஸ்கேலை பெட்டி மேல ஒட்டினாப்புல புடிச்சுக்கிட்டு, நேருக்கு நேரா நின்னு ஒரு போட்டோ. படத்துல ஸ்கேல் இருந்தா அதுல இருந்து மத்த எல்லா அளவையும் வீட்டுல உக்காந்து எடுத்துடலாம். ஸ்கேல் இல்லாத பழைய போட்டோன்னா சக்கரத்தைப் புடிங்க. அகலப்பாதை ஐ.சி.எஃப் பெட்டிக்கு புதுச் சக்கரம் 915 மில்லி விட்டம். தேய்மானம் கொஞ்சம் இருக்கும், ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல். தண்டவாளத்துல மட்டும் இறங்காதீங்க சாமி, புண்ணியமாப் போகும்.

இப்போ என் பெட்டிக்கு வர்றேன். மறுபடி முதல்ல இருந்து செஞ்சேன். பெரியப்பாவுக்கு ராத்திரி ராத்திரி போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செஞ்சது. "பெரியப்பா, கொக்கி மேல் பாத்தா கீழ் பாத்தா?" "குழாய் எந்தப் பக்கம் தொங்கும்?" "படிக்கட்டு எத்தனை?" மொதல்ல சலிச்சுக்கிட்டார். அப்புறம் அவரே போன் போட ஆரம்பிச்சார். "டேய், அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்"னு. ஒரு தடவை காலையில அஞ்சரைக்கு! அவர் சொன்னது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அவர் சொல்றதுலயும் தப்பு இருக்கலாம். அதனால அவர் கூட வேலை பாத்த இன்னொருத்தர்கிட்டயும் கேட்டு, ரெண்டு பேரும் ஒத்துப்போறதை மட்டும் செஞ்சேன். ஒத்துப்போகாததை நோட்டுல பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்.

போன மாசம் கொண்டு போயி குடுத்தேன். கண்ணுல கேட்ராக்ட் ஆபரேஷன் முடிஞ்சு கண்ணுல சொட்டு மருந்து போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். சரியா தெரியல. பெட்டியைக் கையில வாங்கி, இந்தத் தடவையும் நேரா முனைக்குத்தான் விரல் போச்சு. நடுவுல இருக்குற அந்த ஒத்தை பஃபரைக் கட்டை விரலால ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தார்.

"ம். இப்போ மாட்டலாம்"னார்.

அதோட விட்டாரா? "ஒத்தைப் பெட்டியை வச்சு என்னடா பண்ணுவ? கார்டு பெட்டி வேணாமா?"ன்னு அடுத்த குண்டைப் போட்டார். ஆக, அடுத்த ரெண்டு மாசத்துக்கு நான் என்ன பண்ணப்போறேன்னு உங்களுக்கே தெரியும்.

மக்களே, கடைசியா ஒரு உதவி. உங்க வீட்டு பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. விருதுநகர், அருப்புக்கோட்டை, மானாமதுரை, ராமேஸ்வரம், செங்கோட்டை, எந்த பிளாட்பாரமா இருந்தாலும் சரி. உங்க சித்தப்பா பெல்பாட்டம் போட்டு இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கற போட்டோ ஒண்ணு கண்டிப்பா இருக்கும். சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் விடுங்க. அவருக்குப் பின்னால நிக்குற பெட்டியைப் பாருங்க. கலர் என்ன, எழுத்து என்ன, முனை தெரியுதா, எந்த வருஷம்னு பின்னால எழுதியிருக்கா? அதை ஸ்கேன் பண்ணி பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வண்டிக்கு இன்னைக்கு இருக்குற வரைபடம் அதுதான்.

டிஸ்கி 1: முதல்ல செஞ்ச வயிறு பெருத்த பெட்டியைத் தூக்கிப் போடல. மேசை மேலதான் நிக்குது. ரெண்டு பஃபரோட. பக்கத்துல சரியான பெட்டி. யாராவது கேட்டா வித்தியாசத்தைச் சொல்றதுக்கு வசதியா இருக்கு.

டிஸ்கி 2: கல்யாணப் பத்திரிகை அட்டை தீந்து போச்சு. சீக்கிரம் யாராவது கல்யாணம் பண்ணுங்கப்பா. கெட்டி அட்டையா அடிங்க. (என்னைக் கேக்காதீங்க, நான் பிஸி.)